வாசகர் கேள்விகள்: மிச்சிகன் லைன் இந்த முறை தாங்குமா?

2025 ஏப்ரல் வந்துவிட்டது. 19-ஆம் தேதி ஆன் ஆர்பரில் ஸ்பிரிங் கேம், அதாவது வசந்தகாலப் பயிற்சி ஆட்டம். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் பற்றியவை, அதிலும் மிச்சிகன் யுனிவர்சிட்டி டீமின் ஆஃபென்சிவ் லைன் பற்றியவை. எனக்கு இதைவிடப் பிடித்த பேச்சு கிடையாது.

நோவை வாசகி: மகன் ஆன் ஆர்பரில் படிக்கிறான். போன செப்டம்பரில் யூஎஸ்சி-யோடு நடந்த ஆட்டத்துக்குக் கூட்டிப்போனான். லட்சம் பேர் கத்துகிறார்கள், பந்து யார் கையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. எதைப் பார்த்தால் புரியும்?

பந்தை விட்டுவிடுங்கள் அம்மா. பந்துக்கு முன்னால் வரிசையாகக் குனிந்து நிற்கிற ஐந்து பேரைப் பாருங்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டாக்கிள். ஆளுக்கு 140 கிலோ இருப்பார்கள். பந்தைப் பின்னால் கொடுக்கிற சென்டரைத் தவிர மற்றவர்கள் ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போவார்கள். ஓடுகிறவனுக்கு வழி திறப்பதும், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் மேல் ஆள் விழாமல் தடுப்பதும் இவர்கள் வேலை.

நான் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க முட்டியும் இடுப்பும் பார்க்கிறவள். அதனால்தானோ என்னவோ, மைதானத்திலும் கண் முதலில் காலுக்குத்தான் போகும். என் சீட் மைதானத்தின் வடக்குக் கோடியில், எண்ட் ஸோனுக்குப் பின்னால். நல்ல சீட் இல்லை என்று பலர் சொல்வார்கள். ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஐந்து பேரும் ஒரே குவியலாகத் தெரிவார்கள். பின்னாலிருந்து பார்த்தால்தான் கார்டுக்கும் டாக்கிளுக்கும் நடுவில் கதவு திறப்பதுபோல் ஓர் இடைவெளி விழுவது தெரியும்.

நீங்கள் பார்த்த அந்த ஆட்டமே நல்ல பாடம். மிச்சிகன் பந்தை எறிந்து, அதாவது பாஸில், எடுத்தது மொத்தம் 32 யார்டு. ஓடி எடுத்தது 290. கடைசி நிமிடங்களில் கேலல் மல்லிங்ஸ் 63 யார்டு ஓடினாரே, அப்புறம் 37 விநாடி மிச்சமிருக்கும்போது ஒரு யார்டு தள்ளி டச்டவுன் வைத்தாரே, அந்த 27-24 வெற்றியை லைன்தான் வாங்கிக் கொடுத்தது.

கான்டன் வாசகர்: 2023-ல் சாம்பியன் ஆன லைன் ஒரே வருடத்தில் மொத்தமாகக் கிளம்பிப் போனது. 2024-ல் பார்க்கவே வயிறு எரிந்தது. இப்போது டாக்கிள் ஹின்டனும் கார்டு ப்ரீபியும் போகிறார்கள். 2025-க்கு நம்பலாமா?

நடுவை நம்பலாம். ஓரங்களைப் பற்றி எனக்கும் கவலை இருக்கிறது. ஏன் என்று சொல்ல, நாம் இழந்தது எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜோ மூர் விருது என்று ஒன்று உண்டு. 2015-லிருந்து கொடுக்கிறார்கள். தனி ஆளுக்கு இல்லை, நாட்டிலேயே சிறந்த லைன் முழுவதற்கும். மிச்சிகன் அதை 2021-லும் 2022-லும் வாங்கியது. அடுத்தடுத்து இரண்டு வருடம் வாங்கிய முதல் டீம் இதுதான். 2023-ல் விருது வாஷிங்டனுக்குப் போனது, ஆனால் தேசிய சாம்பியன் கோப்பையை 34-13 என்று அவர்களையே ஜெயித்து நாம் எடுத்தோம். அந்த வருடம் நவம்பர் 11, பென் ஸ்டேட் ஆட்டம். மழையும் இல்லை, புயலும் இல்லை. ஆனாலும் தொடர்ந்து 32 முறை பந்தை எறியாமல் ஓடியே ஆடி 24-15 என்று ஜெயித்தார்கள். எதிரிக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும், ஸ்டேடியத்துக்கே தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒஹையோ ஸ்டேட். ஆட்டம் 17-17 சமநிலை. வலது கார்டு ஜாக் ஜின்டரின் கால் உடைந்தது. கீழ்க்காலின் இரண்டு எலும்பும். ஸ்டேடியத்தில் சத்தமே இல்லை. வலது டாக்கிளாக இருந்த கார்சன் பார்ன்ஹார்ட் உள்ளே கார்டு இடத்துக்கு நகர்ந்தார், டாக்கிள் இடத்துக்கு ட்ரென்டே ஜோன்ஸ் வந்தார். அடுத்து பந்தைக் கையில் வாங்கியதுமே பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச்டவுன். விரலால் ஆறும் ஐந்தும் காட்டினார், ஜின்டரின் 65-ஆம் நம்பர். அன்று நான் அழுதேன், என் வரிசையில் பாதிப் பேர் அழுதார்கள். ஒரு நல்ல லைனுக்கு அடையாளம் கேட்டால் நான் இந்த இரண்டு நிமிடத்தைத்தான் சொல்வேன். ஆறாவது ஆள் உள்ளே வந்தும் சங்கிலி அறவில்லை.

சங்கிலி என்று சும்மா சொல்லவில்லை. கபடியில் கார்னரும் பக்கத்து ஆளும் கை கோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவன் அரை அடி முன்னால் போனாலும் ரெய்டர் நழுவிவிடுவான். இங்கேயும் அதே கதைதான். எதிர் டீமில் இரண்டு பேர் குறுக்கே மாறி ஓடி வருவார்கள், ஸ்டண்ட் என்று பெயர். கார்டு தன் ஆளைப் பக்கத்து டாக்கிளிடம் ஒப்படைத்துவிட்டு, டாக்கிளின் ஆளைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பேச நேரம் கிடையாது. இடுப்போடு இடுப்பு உரசுகிற தூரத்தில், பக்கத்துக்காரன் எந்தக் காலை எப்போது பின்னால் வைப்பான் என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது எடை தூக்கி வருவது இல்லை. சேர்ந்து ஆடி ஆடித்தான் வரும்.

2024-ல் அதுதான் இல்லை. ஜின்டர், கீகன், நியூஜென்ட், ஹெண்டர்சன், பார்ன்ஹார்ட், ஜோன்ஸ் ஆறு பேரும் போய்விட்டார்கள். வந்தவர்கள் மோசமில்லை. நார்த்வெஸ்டர்னிலிருந்து வந்த ஜாஷ் ப்ரீபி அனுபவசாலி, மைல்ஸ் ஹின்டன் மலை மாதிரி உடம்பு. போன வருடம் இதே பக்கத்தில் "அனுபவம் இருக்கிறது, பயமில்லை" என்று எழுதினேன். அது தவறு. தனித்தனி அனுபவத்தைக் கூட்டிவிட்டுச் சேர்ந்து ஆடிய அனுபவம் என்று நினைத்துக்கொண்டேன். சென்டர் இடத்தில் ஆள் மாறியது, டாக்கிளில் மாறியது, செப்டம்பரில் டெக்சஸ் வந்து 31-12 என்று அடித்துவிட்டுப் போனது. ஆனால் அதே கூட்டம் நவம்பர் 30 அன்று கொலம்பஸில் என்ன செய்தது? பாஸில் 62 யார்டுதான். மல்லிங்ஸ் 32 தடவை பந்தைத் தூக்கி 116 யார்டு ஓடினார். 13-10. செப்டம்பரில் முடியாதது நவம்பரில் முடிந்தது. அப்புறம் டாம்பாவில் மழையில் அலபாமாவோடு ஆடியபோது, முதல் வருடப் பையன் ஜார்டன் மார்ஷல் 100 யார்டு ஓடினான், 19-13.

சரி, 2025. நடுவில் கிரெக் கிரிப்பனும் ஜியோவானி எல்-ஹாடியும் திரும்ப வருகிறார்கள். ஒருவர் சென்டர், ஒருவர் கார்டு, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போன வருடம் ஆடியவர்கள். இதை நான் பெரிய சொத்தாக நினைக்கிறேன். எல்-ஹாடி நம் ஸ்டெர்லிங் ஹைட்ஸ் பையன். அவர் கைகளைக் கவனியுங்கள், எதிரியின் மார்புக்குள்ளே போய்ப் பிடிக்கும், தோளுக்கு வெளியே போகாது. வெளியே போனால் ஹோல்டிங், 10 யார்டு பின்னால்.

டாக்கிளில்தான் சிக்கல். ஆண்ட்ரூ ஜென்ட்ரி பிரிகம் யங் யுனிவர்சிட்டிக்கு (பிஒய்யூ) மாறிவிட்டார். மிஞ்சியது எவான் லிங்க். போன வருடம் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிறவர்களிடம், அதாவது பாஸ் ரஷ்ஷில், நிறையத் திணறினார். நான் பார்த்தவரை பலம் குறைவு இல்லை, முதல் அடி அவசரமாகப் போகிறது. பின்னங்கால் வெளியே அதிகம் திரும்பி, இடுப்பு முன்கூட்டியே திறந்துவிடுகிறது. உள்பக்கம் வழி விழுகிறது. இருபது வயதுப் பையனுக்கு இது ஒரு குளிர்காலத்தில் சரியாகக்கூடிய விஷயம்தான், பலருக்குச் சரியாகியிருக்கிறது. ஆண்ட்ரூ ஸ்ப்ரேக் இன்னொரு ஓரத்துக்கு நல்ல ஆள், நீளமான கை. கால் பாலியிலிருந்து பிரேடி நார்ட்டன் வந்திருக்கிறார். சிறிய கல்லூரி டீம், வேகம் வேறு, அவரை உடனே எதிர்பார்க்க மாட்டேன்.

ஓரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பின்னால் நிற்கப்போவது அநேகமாக பிரைஸ் அண்டர்வுட். நம் பக்கத்து ஊர் பெல்வில் பையன், பள்ளிப் பையன்களில் நாட்டிலேயே முதல் ரேங்க், வயது 17. ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டிலிருந்து வந்த மைக்கி கீன் இருக்கிறார் என்றாலும் கூட்டம் கேட்கப்போவது பிரைஸைத்தான். வலது கையால் எறிகிறவருக்கு இடது பக்கம் முதுகுப்புறம். அங்கிருந்து வருகிறவனை அவர் பார்க்க மாட்டார், இடது டாக்கிள்தான் பார்க்க வேண்டும். சின்னப் பையன் முதல் மூன்று ஆட்டத்தில் பத்துத் தடவை கீழே விழுந்தால், நான்காவது ஆட்டத்தில் பந்தை எறியும் முன்னே கண் கீழே இறங்கிவிடும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் லேசில் போகாது.

என் கணிப்பைக் கேட்டீர்கள். ஓட்டத்துக்கு வழி திறப்பதில் 2024-ஐவிட நன்றாக இருக்கும். பாஸுக்குக் காவல் நிற்பதில் அக்டோபர் நடுவரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

ட்ராய் வாசகர்: கேன்சஸிலிருந்து பாபலோலா, டெக்சஸிலிருந்து ஹேவுட் என்று பெரிய நட்சத்திரங்கள் சேர்ந்திருக்கிறார்களே? அவர்களையே டாக்கிளில் நிறுத்தினால் என்ன?

ஆண்ட்ரூ பாபலோலா, டை ஹேவுட் இருவரும் வந்தது எனக்கும் பெரிய சந்தோஷம். ஹேவுட் அலபாமா பக்கம் இருந்து, பிப்ரவரியில் நம் பக்கம் கையெழுத்துப் போட்டவர். ஆனால் பதினெட்டு வயதில் ஓடுகிறவனும் பந்து பிடிக்கிறவனும் வந்த உடனே ஜொலிக்கலாம். லைன் பையனால் அது அபூர்வம். எதிரே நிற்பது 22 வயது ஆண். எலும்பும் தசைநாரும் பழுக்க இரண்டு வருடமாவது வேண்டும், இது என் தொழில் சொல்கிற விஷயம். நான்கு ஆட்டம்வரை ஆடவிட்டு, அந்த வருடத்தைக் கணக்கில் சேர்க்காமல் காப்பாற்ற 2025-ன் விதி இடம் தருகிறது. அதைப் பயன்படுத்தச் சொல்வேன்.

போன வருடம் ஜோ மூர் விருதை வாங்கியது யார் தெரியுமா? வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி. ஐந்து நட்சத்திர ரேட்டிங் வாங்கிய பள்ளிப் பையன்களை வலை வீசிப் பிடிக்கிற இடமா அது? நாட்டிலேயே அதிகமாக ஓடி யார்டு எடுத்த டீம் அதுதான்.

ஃபார்மிங்டன் ஹில்ஸ் வாசகி: மகன் எட்டாம் வகுப்பு. 95 கிலோ. பள்ளி கோச் லைனில் ஆடக் கூப்பிடுகிறார். அவனுக்கு ஆசை, அவன் அப்பாவுக்கும் ஆசை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

உங்கள் பயம் நியாயமானது. நான் மழுப்பிப் பேச மாட்டேன்.

மிச்சிகனின் 2025 லைன் கோச் கிராண்ட் நியூசம். 2016-ல் அவர் இடது டாக்கிள். அக்டோபர் 1, விஸ்கான்சின் ஆட்டத்தில் எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவர் (கார்னர்பேக்) அவர் காலில் பாய்ந்தார். முட்டி இடம் பெயர்ந்தது. முட்டிக்குப் பின்னால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனி ஓடுகிறது. முட்டி பெயர்ந்தால் எங்களுக்கு முதல் பயமே அதுதான். அவருக்குக் காலே போயிருக்கும், அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரி. அப்புறம் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. பிறகு கோச்சாக ஓரத்தில் நின்று பையன்களின் காலடியைத் திருத்தினார். ஆட்டம் தொடங்கும் முன் அவர் ஒவ்வொருவரிடமும் போய்க் குனிந்து பேசுவதைப் பைனாக்குலரில் பார்த்திருக்கிறேன். அவரைப் பார்க்கும்போதெல்லாம் இந்த விளையாட்டின் அழகும் விலையும் எனக்குச் சேர்ந்தே தெரியும்.

அதனால் ஒப்புக்கொள்வதற்கு முன் நீங்களே கோச்சைப் போய்ப் பாருங்கள். தலையைக் கொண்டு மோதக் கூடாது, கையால்தான் என்று எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேளுங்கள். பயிற்சிக்கு அத்லெடிக் ட்ரெய்னர் வருகிறாரா என்று கேளுங்கள். தலையில் அடிபட்டால் யார் சொல்லி அவன் திரும்ப ஆடுவான் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் சேர்க்க வேண்டாம். "இன்னும் பத்துக் கிலோ ஏற்று" என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள், வளர்கிற முட்டிக்கு அது தண்டனை. இந்தக் குளிர்காலத்தில் மல்யுத்தத்தில் சேர்த்துப் பாருங்கள். லைனுக்கு வேண்டிய இடுப்பும் காலடியும் அங்கே வந்துவிடும். அவனுக்கு உண்மையில் எது பிடிக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆன் ஆர்பர் வாசகர்: லைன் தேறிவிட்டதா என்று எந்த ஆட்டத்தில் தெரியும்?

ஆகஸ்ட் 30 நியூ மெக்சிகோ ஆட்டத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். செப்டம்பர் 6, ஓக்லஹோமாவின் நார்மன். எண்பதாயிரம் பேர் கத்துகிற இடத்தில் குவார்ட்டர்பேக் குரல் கேட்காது. கார்டு தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார், குவார்ட்டர்பேக் காட்டியதும் சென்டரைக் கையால் தட்டுவார். சென்டர் ஒரு கணம் விட்டுப் பந்தைக் கொடுப்பார். அந்த ஒரு கணத்தை ஐந்து பேரும் ஒன்றாக எண்ண வேண்டும். ஒருவன் முந்தினால் ஃபால்ஸ் ஸ்டார்ட், 5 யார்டு. அன்று முதல் பாதியில் எத்தனை ஃபால்ஸ் ஸ்டார்ட் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நானும் குறிப்பேன். அந்த ஆட்டத்துக்கு அடுத்த இதழில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.