பாலையில் ஒரு பள்ளிக்கூடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உமெஸு கஸுவோவின் ‘மிதக்கும் வகுப்பறை’ என்ற மங்கா (ஜப்பானியப் படக்கதை) தொடரை நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதன் 11 தொகுதிகளையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டு வாரங்களில் படித்து முடித்தேன். நான் ஆறாம் வகுப்பு ஆசிரியை. கதையில் ஒரு தொடக்கப்பள்ளி பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் பெயர்ந்து, எல்லாம் அழிந்துபோன எதிர்காலத்தின் மணல்வெளியில் போய் விழுகிறது. அதன்பின் பசியாலும் நோயாலும் ஒருவரையொருவர் கொன்றும் பிள்ளைகள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நாட்களில் வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறியது. நண்பர்கள் இருவரிடம் கொடுத்துப் பார்த்தேன். இப்படி ஒன்றை வாசித்ததே இல்லை என்றார் ஒருவர். குழந்தைகளின் வதையை விற்றுப் பிழைக்கும் வேலை இது என்று மூன்றாம் தொகுதியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார் மற்றவர். சிறுவர் இதழில் இதை எப்படி வெளியிட்டார்கள்? ஆசிரியர்கள் எல்லோரையும் முதலிலேயே மனம் பிறழ்ந்து சாகிறவர்களாகக் காட்டியிருப்பது என்ன நியாயம்? பக்கத்துக்குப் பக்கம் அதே அலறும் முகங்கள் ஏன்? என் மாணவர்களுக்கு இதைக் கொடுக்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் இரண்டாவது நண்பர் மூன்றாம் தொகுதியில் நிறுத்திவிட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அந்தக் கதை எங்கே தொடங்குகிறது என்பதை அவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் ஷோவுக்கும் அவன் அம்மாவுக்கும் ஒரு காலைநேரச் சண்டை. அவன் சேர்த்து வைத்திருந்த சில்லறைச் சாமான்களை அம்மா தூக்கி எறிந்துவிட்டாள். இனி இந்த வீட்டுக்கு வரவே மாட்டேன் என்று கத்திவிட்டு அவன் போகிறான். வராதே என்று அவளும் கத்துகிறாள். எந்த வீட்டிலும் நடக்கிற சண்டைதான், சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் தானே ஆறிப்போயிருக்கும். அந்தச் சாயங்காலம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. யமாதோ தொடக்கப்பள்ளி 862 பேரோடு மறைந்துபோகிறது, அது நின்ற இடத்தில் ஒரு குழி மட்டும் மிஞ்சுகிறது. அதன்பின் வரும் அத்தனை கொடுமைகளுக்கும் அடியில், சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாத இரண்டு பேரின் தவிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. பாலை நிலத்தைப் பிரிவுக்கு உரியதாக வகுத்து, ஐங்குறுநூற்றில் ‘மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து’ என்று பிள்ளையைச் சுரத்தில் போக்கிய தாயின் புலம்பலுக்கே ஒரு பத்தை ஒதுக்கிய மொழியில் வளர்ந்த நமக்கு, இந்த மணல்வெளி புரியாமல் போக வழியில்லை.

சிறுவர் இதழில் எப்படி வெளியிட்டார்கள் என்று கேட்கிறீர்கள். ‘ஷோனென் சண்டே’ வார இதழில் இது 1972 முதல் 1974 வரை வந்தது. அந்த ஆண்டுகளின் ஜப்பானியச் சிறுவனுக்கு உலகம் அழியும் என்பது புதிய செய்தியல்ல. 1970 ஜூலையில் டோக்கியோவின் சுகினாமி பகுதியில் ஒரு பள்ளி மைதானத்தில் இருந்த மாணவிகள் நச்சுப்புகையால் கண்ணெரிந்து, மூச்சுத் திணறி விழுந்தார்கள். மினமாதாவில் பாதரசக் கழிவால் முடங்கியவர்களின் வழக்கில் 1973 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்து, கடைகளில் மக்கள் கழிப்பறைக் காகிதத்துக்கு முண்டியடித்தார்கள். பெரியவர்கள் கட்டியெழுப்பிய செழிப்பின் கணக்கு யார் தலையில் விடியும் என்பதை அந்தச் சிறுவர்கள் செய்தித்தாளில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷோவும் அவன் தோழர்களும் அந்தக் கணக்கைச் செலுத்த அனுப்பப்பட்டவர்கள். பள்ளிக்கு யமாதோ என்று பெயர் வைத்ததும் தற்செயலாக இருக்காது. அது ஜப்பான் நாட்டின் பழைய பெயர்.

இன்னும் பின்னே போனால் வேறொரு நினைவும் இருக்கிறது. 1944-இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி, நகரத்துத் தொடக்கப்பள்ளிகளின் பிள்ளைகளைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்து, வகுப்பு வகுப்பாகக் கிராமத்துக் கோயில்களுக்கும் விடுதிகளுக்கும் அனுப்பினார்கள். ஒகினாவாவிலிருந்து அப்படிப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற சுஷிமா மாரு என்ற கப்பல் அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று நீர்மூழ்கித் தாக்குதலில் மூழ்கியது. இறந்த ஏறத்தாழ 1,500 பேரில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். உமெஸு 1936-இல் பிறந்தவர், போர் முடிந்தபோது அவருக்கு வயது எட்டு. அவர் இதை மனத்தில் வைத்துத்தான் வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜப்பானிய மூலத்தின் தலைப்பில் உள்ள ‘ஹியோரியு’ என்ற சொல் கப்பல் உடைந்து கடலில் திக்கற்று மிதப்பதைக் குறிப்பது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு அந்தச் சொல்லைச் சூட்டியதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது.

உங்கள் இரண்டாவது கேள்வியில் ஓர் ஆசிரியையின் மனக்காயம் தெரிகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆசிரியர்கள் முதலில் நொறுங்குவதற்குக் காரணம், அவர்களுக்கு உலகம் எப்படி இயங்கும் என்பது உறுதியாகத் தெரியும் என்பதே. அந்த உறுதி போனதும் அவர்களுக்கு நிற்க இடமில்லை. பிள்ளைகளுக்கோ எந்த உலகமும் கொஞ்சம் புதிதுதான். அவர்கள் தண்ணீரைப் பங்கிடுகிறார்கள், பிரதமரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அமைச்சரவை அமைக்கிறார்கள். ஷோவுக்குக் குடல்வால் அழற்சி வரும்போது, மருத்துவரின் மகன் என்பதைத் தவிர வேறு தகுதியில்லாத ஒரு சிறுவன் மயக்கமருந்தின்றி அவன் வயிற்றைக் கிழிக்கிறான். அந்தப் பக்கங்களை என்னாலும் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. ஆனால் அங்கே ஷோவைச் சுற்றி நிற்கிற பிள்ளைகளின் கைகளைப் பாருங்கள். அவனை அசையாமல் பிடித்திருக்கும் அந்தச் சின்னக் கைகளை வரைந்தவனை வதையை விற்பவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரியவர்களில் நொறுங்காதவள் ஒருத்தி இருக்கிறாள். ஷோவின் அம்மா. ஊன்றுகோலோடு நடக்கும் நிஷி என்ற சிறுமியின் வழியாகக் காலத்தைத் தாண்டி மகனின் குரல் அவளுக்குக் கேட்கிறது. எதிர்காலத்தில், இடிந்த ஒரு ஹோட்டலில், கொலைவெறியோடு வருபவனிடம் சிக்கிய மகன் அவளிடம் ஒரு கத்தியைக் கேட்கிறான். அவள் நிகழ்காலத்து ஹோட்டலுக்கு ஓடி, அந்த இடத்தில் ஒரு கத்தியை மறைத்து வைக்கிறாள். கொள்ளைநோய்க்கு மருந்து கேட்கும்போதும் அப்படியே செய்கிறாள், இறந்துபோன விளையாட்டு வீரன் ஒருவனின் உடலில் மருந்தை வைத்து அனுப்புகிறாள். ஊர் முழுக்க அவளைப் பைத்தியம் என்கிறது. பள்ளியில் மனம் பிறழ்ந்த ஆசிரியர்களுக்கும், ஊர் பைத்தியம் என்று சொல்லும் இந்தத் தாய்க்கும் உள்ள வேறுபாட்டைத்தான் உமெஸு காட்டுகிறார்: அவள் பிள்ளையின் சொல்லை அப்படியே நம்பிவிட்டாள். ஆசிரியை என்ற முறையில் நீங்கள் உங்களைத் தேட வேண்டிய இடம் அவளிடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அலறும் முகங்களைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். வாரம் ஒரு பகுதி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் அதிர்ச்சி என்று இரண்டு ஆண்டுகள் போனதை நாம் இரண்டு வாரத்தில் விழுங்கும்போது, அந்தத் திறந்த வாய்களும் அடர்ந்த கறுப்புக் கோடுகளும் திகட்டத்தான் செய்யும். பிற்பகுதியில் பூச்சிபோல் தவழும் எதிர்கால மனிதர்கள் வந்ததும் கதை தடம் மாறி, சூழல் பற்றிய பாடமாகச் சில பகுதிகள் இறங்கிவிடுகின்றன என்பது என் எண்ணம். அதற்கு முன்னால், பசித்த ஒரு சிறுவனின் கற்பனையே ராட்சதப் பூச்சியாகி மற்றவர்களைக் கொல்லும் பகுதி எவ்வளவோ மேல். அங்கே அச்சம் பிள்ளையின் உள்ளேயிருந்து வருகிறது.

உங்கள் ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள். பதினான்கு வயதுக்கு மேல், அதுவும் படித்து முடித்ததும் உங்களிடம் வந்து பேசக்கூடிய பிள்ளையாகப் பார்த்துக் கொடுங்கள். உங்கள் நண்பரிடம் மட்டும் கடைசித் தொகுதியையாவது படிக்கச் சொல்லுங்கள். மூன்று சக்கர வண்டியில் பள்ளிக்குள் வந்து மாட்டிக்கொண்ட யூ என்ற மூன்று வயதுக் குழந்தையை மற்றவர்கள் கடந்தகாலத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். தாங்கள் அங்கேயே இருக்க முடிவு செய்கிறார்கள். அந்தக் குழந்தையின் கையில் ஷோ தன் நாட்குறிப்பைக் கொடுத்துவிடுகிறான், அம்மாவிடம் சேர்ப்பதற்காக.

அன்புடன்.