ஓடி ஓய்வதில்லை இந்த ‘ரன்’

சென்ற இதழில் ‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் எத்தனை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை இடத்தை அடைத்துவிட்டன. மற்றவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், கைடில் ‘ரன்’னுக்குக் கொடுத்திருந்த இணைச்சொற்களை மனப்பாடம் செய்து, ‘மாமா மெஸ் நடத்துகிறார்’ என்பதற்கு ‘மை அங்கிள் ஸ்பிரின்ட்ஸ் எ மெஸ்’ என்று எழுதினேன். மேடம் சிரித்துவிட்டார். என்ன தப்பு? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

உங்கள் மாமா இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு நூறு மீட்டர் ஓடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்ததோடு விட்டாரே, நல்ல மேடம்.

இந்தச் சொல் சாதாரணப்பட்டதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் நெடுங்காலம் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான் இருந்தது. 1989 பதிப்பில் அதற்கு மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்களில் விளக்கம். பிறகு அகராதியைத் திருத்தி எழுதும்போது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்! பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். நீங்கள் ஒரு செமஸ்டரில் முடிக்கப் பார்க்கிறீர்கள்.

645 வேண்டாம். எது ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள், பொருள் தானே விளங்கும். நம் ‘ஓடு’ம் லேசுப்பட்டதா? ஃபேன் ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, பிழைப்பு ஏதோ ஓடுகிறது. ஆறு, ஃபேன், படம் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் அப்படியே ‘ரன்’ போடலாம். பிழைப்புக்கு மட்டும் போட முடியாது.

குழப்பம் வருவது வேறு இடத்தில். நாம் தானாக ஓடுவதை ‘ஓடு’ என்கிறோம், பிறர் ஓடச் செய்வதை ‘ஓட்டு’ என்கிறோம். அதே மாதிரி கடை நடக்கிறது, அண்ணாச்சி கடையை நடத்துகிறார். ஆங்கிலத்துக்கு அந்த ‘ட்’டும் ‘த்’தும் கிடையாது. பஸ்ஸும் ‘ரன்ஸ்’, பஸ் கம்பெனியை நடத்துகிறவரும் ‘ரன்ஸ்’. அதனால் உங்கள் மாமா விஷயத்தில் ‘ஹி ரன்ஸ் எ மெஸ்’ என்பதே சரி. ‘மேனேஜஸ்’ என்று மாற்றினால் முதலாளி வேறு யாரோ, இவர் சம்பளத்துக்குக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றலாம். ‘ஆபரேட்ஸ்’ என்றால் மெஸ் ஏதோ கிரேன் மாதிரி ஆகிவிடும். கிளைகள் உள்ள பெரிய நிறுவனத்துக்கு அந்தச் சொல் பொருந்தும்.

காலால் ஓடுவதற்கு வருவோம். கைடுகள் கெடுப்பது இங்கேதான். ஸ்பிரின்ட், டேஷ், போல்ட், ஃப்ளீ, ஸ்கேம்ப்பர் எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டு ‘ஓடு’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் நாம் ‘ஓடு’ என்ற வினையை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்கிறோம். ஆங்கிலம் பெரும்பாலும் வினையையே மாற்றிவிடுகிறது. குழந்தை குடுகுடுவென்று ஓடினால் ‘ஸ்கேம்ப்பர்’. வெடிச்சத்தத்தில் மாடு மிரண்டு பிய்த்துக்கொண்டு ஓடினால் ‘போல்ட்’. உயிருக்குப் பயந்து ஊரை விட்டே ஓடினால் ‘ஃப்ளீ’. கிளம்பிவிட்ட பஸ்ஸுக்காக விழுந்தடித்து ஓடினால் ‘டேஷ்’. முழு வேகத்தில் குறைந்த தூரம் ஓடினால் ‘ஸ்பிரின்ட்’. கைடை மூடிவிட்டு, எப்படி ஓடினார்கள் என்று முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்த ஆங்கிலச் சொல் வேண்டும் என்று அப்புறம் தேடலாம்.

நம் ‘ஓடு’ வராத இடங்களிலும் ஆங்கிலம் ‘ரன்’ போடும். மூக்கு ஒழுகினால், புதுச் சுங்குடிப் புடவை சாயம் போனால், காய்ச்சல் அடித்தால் எல்லாம் ‘ரன்’தான். இவற்றைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கமலா ஹாரிஸ் 2024 தேர்தலில் ‘ரன்’ செய்தார் என்று படித்தேன். நம் ஊரில் ‘நிற்கிறார்’ என்கிறோமே? (மன்னார்குடி வாசகர்)

அவருடைய தாத்தாவின் ஊர் துளசேந்திரபுரம் உங்களுக்குப் பக்கம்தான், அதனால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுவார், பிரிட்டனில் நிற்பார். ‘ஸ்டேண்ட் ஃபார் பார்லிமென்ட்’ என்பது அங்கே வழக்கம். நாமும் தமிழில் ‘நிற்கிறார்’ என்கிறோம். நம் ஆங்கிலப் பத்திரிகைகளில் அதிகம் வருவது ‘கன்டெஸ்ட்’.

அமெரிக்கர்களின் தேர்தல் பேச்சில் குதிரை வாடை அதிகம். ஹாரிஸ் துணை அதிபர் பதவிக்குச் சேர்த்துக்கொண்ட டிம் வால்ஸை ‘ரன்னிங் மேட்’ என்றார்கள். ஒரே லாயத்துக் குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுக்க உடன் ஓடவிடும் குதிரைக்கு வைத்த பெயர் அது. பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வராத குதிரையை ‘ஆல்ஸோ ரேன்’ என்பார்கள், ‘இதுவும் ஓடியது’ என்ற பொருளில். நம் ஊரில் டெபாசிட் போனவர்களுக்கு இதைவிட மரியாதையான பட்டம் கிடைக்காது.

வீடு கட்டுகிறோம். கிரானைட் போடுகிறவர் ஓரத்துக்கு ‘ரன்னிங் ஃபீட்’ கணக்கில் தனியாகக் காசு கேட்கிறார். ஏமாற்றுகிறாரா? (இல்லத்தரசி, ஆவடி)

சொல்லில் ஏமாற்று இல்லை, ரேட்டை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். ரன்னிங் ஃபீட் என்றால் நீளத்தை மட்டும் அளப்பது. சமையல் மேடையின் மேல்பரப்பைச் சதுர அடியில் அளப்பார்கள். அதன் விளிம்பை வளைத்து பாலிஷ் போடும் வேலைக்கு அகலம் என்ற பேச்சே இல்லை, விளிம்பு ஓடுகிற நீளம்தான் கணக்கு. மேடை பத்தடி நீளம், இரண்டடி அகலம் என்றால் மேல்பரப்பு 20 சதுர அடி. முன்விளிம்பு 10 ரன்னிங் ஃபீட். சுவரை ஒட்டிய பின்பக்கத்துக்கும் சேர்த்து 20 என்று எழுதியிருந்தால் மட்டும் சண்டை போடுங்கள்.

இன்டர்வியூவில் வயது கேட்டார்கள். ‘ட்வென்டி ஃபோர் ரன்னிங்’ என்றேன். சரியா? (சிவகாசி இளைஞர்)

சென்னையில் புரிந்திருக்கும், லண்டனில் முழித்திருப்பார்கள். ‘இருபத்துநாலு நடக்கிறது’ என்ற நம் தமிழ்தான் அதற்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் எண்ணோடு ‘ரன்னிங்’ பின்னால் வந்தால் ‘தொடர்ந்து’ என்று பொருள். ‘ஃபைவ் டேஸ் ரன்னிங்’ என்றால் விடாமல் ஐந்து நாள். 23 முடிந்திருந்தால் 23 என்று மட்டும் சொல்லுங்கள். நடக்கிற வயதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், ‘இன் மை ட்வென்டி ஃபோர்த் இயர்’.

‘ஹேஸ் ரேன்’ சரியா? (பத்தாம் வகுப்பு மாணவர், பழனி)

தப்பு. ரன், ரேன், ரன். ‘ஹேஸ்’ வந்தால் ‘ரன்’.

கிரிக்கெட்டில் ‘ரன்’ என்ற பெயர் ஆரம்பத்திலிருந்தே உண்டா? (திருச்சி வாசகர்)

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதை ‘நாட்ச்’ என்றார்கள், வெட்டுக்குறி என்று பொருள். ஸ்கோரர் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, எடுக்கும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கத்தியால் ஒரு வெட்டு போடுவார். குச்சி போய்த் தாள் வந்தது, பெயரும் மாறியது. டி20 ஸ்கோரைக் குச்சியில் வெட்டச் சொன்னால் ஒரு மரக்கடையே வேண்டும்.

‘பேங்க் ரன்’ என்றால் வங்கி ஓடிப்போவதா? (ஓய்வுபெற்ற தபால்காரர், நாகர்கோவில்)

ஓடுவது வாடிக்கையாளர்கள். வங்கி முழுகப் போகிறது என்று பேச்சு கிளம்பியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க விழுந்தடிப்பதுதான் அது. போட்ட பணம் முழுவதையும் எந்த வங்கியும் பெட்டியில் வைத்திருப்பதில்லை, கடனாகவும் முதலீடாகவும் வெளியே போயிருக்கும். அதனால் நன்றாக இருக்கிற வங்கியும் இதில் படுத்துவிடலாம். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் தெரு நீளத்துக்கு வரிசை நின்றது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க உத்தரவு போட்டார்கள், பெரும்பாலும் கணினி வழியாக. மறுநாள் வங்கி மூடப்பட்டது.

‘ட்ரயல் ரன்’னுக்குத் தமிழ் உண்டா? (சிதம்பரம் வாசகி)

தேரோடும் ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்களே அம்மா! வெள்ளோட்டம்.

‘ஐ ஹேவ் த ரன்ஸ்’ என்று வெளிநாட்டு நண்பர் சொன்னார். கிரிக்கெட்டா? (யாழ்ப்பாண வாசகர்)

கிரிக்கெட் இல்லை. உங்கள் ஊரில் வயிற்றோட்டம் என்பீர்களே, அதேதான். நாங்கள் இங்கே வயிற்றுப்போக்கு என்போம், ஓட்டம் உங்களிடமும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது. நண்பர்களிடம் பேசும்போது சொல்லலாம், லீவ் லெட்டரில் எழுதிவிடாதீர்கள். ‘அன்வெல்’ என்று எழுதினால் லீவு கிடைக்கும், அதற்கு மேல் விவரம் லீவு கொடுக்கிறவருக்கும் வேண்டியிருக்காது.