பெட்டியை நெருங்கியதும் அம்புக்குறி தடுமாறுவது ஏன்?

கேள்வி: யாரோ மறைத்து வைத்த பெட்டியை ஜி.பி.எஸ். உதவியுடன் தேடும் விளையாட்டான ஜியோகேச்சிங்கில் அண்மையில்தான் சேர்ந்தேன். ஒரு பெட்டிக்குத் தரப்பட்டிருந்த ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) கைபேசியின் வரைபடச் செயலியில் உள்ளிட்டபோது, அது பல கிலோமீட்டர் தள்ளியிருந்த ஓர் இடத்தைக் காட்டியது. நண்பர் ஒருவர் எண்களைத் திருத்தித் தந்த பிறகு சரியான காட்டுப்பகுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆனால் இடத்தை நெருங்கியதும் அம்புக்குறி ஒரு கணம் முன்னேயும் மறுகணம் பின்னேயும் காட்டியது. 4 மீட்டர் என்று காட்டிய தொலைவு, நின்ற இடத்திலேயே 14 மீட்டராக மாறியது. தனி ஜி.பி.எஸ். கருவி வாங்கினால் இது தீருமா? எந்த வரைபட மென்பொருள் ஏற்றது?

பதில்: கருவி வாங்கும் முடிவைச் சற்றுத் தள்ளிவையுங்கள். நீங்கள் கூறுபவை வெவ்வேறான இரண்டு சிக்கல்கள். முதலாவது எண்களை எழுதும் முறையில் நேர்ந்த பிழை. அதை எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. இரண்டாவது செயற்கைக்கோள் வழி இடம் அறியும் முறையின் இயல்பிலேயே உள்ளது. விலை உயர்ந்த கருவி அதைக் கொஞ்சம் குறைக்குமே தவிர நீக்கிவிடாது.

எண்களிலிருந்து தொடங்குவோம். ஜியோகேச்சிங்கில் ஆயத்தொலைவுகள் டிகிரியாகவும், தசமப் புள்ளியுடன் கூடிய நிமிடமாகவும் எழுதப்படுகின்றன. இந்த விளையாட்டின் முதல் பெட்டியை டேவ் உல்மர் 2000ஆம் ஆண்டு மே 3 அன்று அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கு அருகே வைத்தார். அதன் இடம் வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800'. ஒரு டிகிரிக்கு 60 நிமிடங்கள் என்பதால், தசம டிகிரியாக மாற்ற 17.460ஐ 60ஆல் வகுக்க வேண்டும். அப்போது கிடைப்பது 45.2910. வகுக்காமல் 45.17460 என்று அப்படியே உள்ளிட்டால், தெற்கு நோக்கி மட்டுமே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் விலகிப் போவீர்கள். உங்கள் நண்பர் திருத்தியது பெரும்பாலும் இதைத்தான். இதைவிட நயவஞ்சகமான பிழை ஒன்று உண்டு. 17.460 என்பதை 17 நிமிடம் 46 விநாடி என்று படித்துவிட்டால் விலகல் அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். அதே காடு, அதே பாதை என்பதால் தவறான இடத்தில் நிற்கிறோம் என்ற ஐயமே எழாமல் மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருப்போம். மேற்குத் தீர்க்கரேகையையும் தெற்கு அட்சரேகையையும் தசம டிகிரியில் எழுதும்போது முன்னால் கழித்தல் குறி வர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இந்த மாற்றங்களையெல்லாம் கையால் செய்வதைவிட, ஜியோகேச்சிங்குக்கென்றே உருவாக்கிய செயலியிலிருந்து இலக்கை நேரடியாகத் திறப்பதே பாதுகாப்பானது.

தனிக் கருவியிலோ வரைபட மென்பொருளிலோ எண்களை உள்ளிடுவதாக இருந்தால், அமைப்புகளில் புவி ஆதாரத் தளம் (எண்களைப் பூமியின் இடங்களோடு பொருத்தும் அடிப்படை முறை) ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று உள்ளதா என ஒருமுறை பாருங்கள். பழைய காகித வரைபடங்களுக்கு ஏற்ப அந்த அமைப்பை யாரேனும் மாற்றி வைத்திருந்தால், எண்கள் சரியாக இருந்தும் இடம் நூறு மீட்டர் அல்லது அதற்கும் மேல் நகர்ந்துவிடக்கூடும். இரண்டாம் கை கருவி வாங்குவோர் இதை அவசியம் சோதிக்க வேண்டும்.

இனி அம்புக்குறியின் தடுமாற்றத்துக்கு வருவோம். பொதுமக்கள் பயன்படுத்தும் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. அக்காலத்தில் இடம் 100 மீட்டர் வரை தவறுவது இயல்பாக இருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்பு நிறுத்தப்பட்ட பிறகே இந்த விளையாட்டு சாத்தியமாயிற்று. உல்மர் தம் பெட்டியை வைத்ததும் அதைத் தொடர்ந்துதான். ஆனால் பிழை குறைந்ததேயொழிய மறையவில்லை. மறைப்பில்லாத வானத்தின் கீழ் கைபேசியின் துல்லியம் பொதுவாக 4.9 மீட்டர் ஆர வட்டத்துக்குள் இருக்கும் என்று அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். இணையதளம் குறிப்பிடுகிறது. நினைவில் கொள்ள வேண்டியது, பெட்டியை வைத்தவரும் இதே போன்ற கருவியால்தான் அளந்திருப்பார் என்பது. அவருடைய பிழை 5 மீட்டர், உங்களுடையது 5 மீட்டர், இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், கூட்டுப் பிழை ஏறத்தாழ 7 மீட்டர். அடர்ந்த மரங்களுக்கு அடியில் அது இன்னும் பெருகும். பாறைச் சுவர்களுக்கும் உயர்ந்த கட்டடங்களுக்கும் அருகில், சமிக்ஞை நேராக வராமல் அவற்றில் பட்டுத் திரும்பி வருவதால், செயற்கைக்கோள் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகக் கருவி கணக்கிட்டுவிடுகிறது. ஒளி ஒரு நானோவிநாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் செல்கிறது என்பதால், மிகச் சிறு தாமதமும் மீட்டர் கணக்கில் பிழையாகும்.

இத்தகைய நிலையில் இலக்குக்கு 5 மீட்டர் அருகில் நின்றுகொண்டு அம்புக்குறியிடம் திசை கேட்பதில் பொருளில்லை. தொலைவே பிழையின் அளவுக்குச் சுருங்கிவிட்டபின், திசை எந்தப் பக்கமும் திரும்பலாம். மேலும் பல கருவிகள் இடத்தைச் சீராகக் காட்டுவதற்காக முந்தைய சில விநாடிகளின் அளவீடுகளையும் சேர்த்துக் கணக்கிடுவதால், விரைவாக நடப்பவர் இலக்கைக் கடந்த பிறகும் அது முன்னால் இருப்பதாகவே காட்டிவிட்டு, அவர் நின்றதும் திடீரெனப் பின்னால் தாவும். ஆகவே கடைசி 30 மீட்டரை மெதுவாக நடந்து, 10 மீட்டர் என்று காட்டியதும் நின்று, கருவியை ஓரிரு நிமிடம் அசைக்காமல் பிடித்திருங்கள். பிறகு 20 அல்லது 30 மீட்டர் விலகிப்போய், முதலில் வந்த திசைக்குச் செங்குத்தான வேறொரு திசையிலிருந்து மீண்டும் அணுகுங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது அம்பு காட்டும் திசை நம்பத்தக்கது. அவ்வாறு இரு பக்கங்களிலிருந்து குறித்துக்கொண்ட இரண்டு நேர்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தை மையமாக வைத்துத் தேடுவது, பாய்ந்து பாய்ந்து மாறும் எண்ணைத் துரத்துவதைக் காட்டிலும் மிகுந்த பலன் தரும். அதன்பின் கருவியைப் பையில் வைத்துவிட்டு, பெட்டியின் அளவையும் குறிப்பையும் படித்து, கண்ணால் தேடுவதே முறை. கைபேசியின் காந்தத் திசைகாட்டியை எட்டு வடிவில் சுழற்றிச் சரிசெய்துகொள்ளுங்கள். காந்தம் பொருத்திய உறை இருந்தால் கழற்றிவிடுங்கள், அது ஒன்றே போதும் வடக்கைக் கிழக்காக்க.

புறப்படுமுன் கைபேசியில் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள்: செயலிக்குத் துல்லியமான இருப்பிட அனுமதி தந்திருக்க வேண்டும், மின்கலச் சேமிப்பு முறை அணைந்திருக்க வேண்டும். இணையத் தொடர்பு இல்லாத இடத்தில் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்பது பரவலான தவறான எண்ணம். தொடர்பு இருந்தால் செயற்கைக்கோள்களின் பாதை விவரம் விரைவாகக் கிடைத்துவிடும், அவ்வளவுதான். இல்லையேல் அதையே செயற்கைக்கோளிடமிருந்து நேரடியாகப் பெறுவதற்குக் கூடுதல் நேரம் ஆகும். ஆகையால் காட்டுக்குள் நுழையுமுன் திறந்த வெளியில் சற்று நின்று இடம் பிடிக்க விடுங்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை, சாலைப் பயணத்துக்கு உருவான வழிகாட்டிச் செயலியைப் பெட்டி வரை நம்ப வேண்டாம். அது உங்களை இலக்குக்கு அருகிலுள்ள சாலையில் கொண்டுபோய் நிறுத்தும். இடையில் ஆறோ பள்ளத்தாக்கோ இருப்பது அதற்குப் பொருட்டல்ல. வாகனத்தை நிறுத்தும் இடம் வரை அதைப் பயன்படுத்துங்கள். நடைபாதைக்கு, தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை அடிப்படையாகக் கொண்ட வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்வது நல்லது. ஆண்ட்ராய்டு கைபேசியாக இருந்தால் சி:ஜியோ செயலி அத்தகைய வரைபடங்களை இணையமின்றிக் காட்டுவதோடு பெட்டிகளின் விவரங்களையும் சேமித்து வைக்கிறது. பெட்டிகளின் விவரங்களைக் கருவிக்கு ஏற்றும் கோப்புகளில் ஜி.பி.எக்ஸ். வடிவத்தையே தேர்ந்தெடுங்கள், அதில் விளக்கம், குறிப்பு, முந்தையவர்களின் பதிவுகள் ஆகியவையும் இடம்பெறும், எல்.ஓ.சி. கோப்பிலோ பெயரும் இடமும் தவிர அதிகம் இருக்காது. செயற்கைக்கோள் படத்தின் மேல் இலக்கு விழும் மரத்தைப் பார்த்து 'அதுதான்' என்று முடிவுசெய்வது பலரும் செய்யும் தவறு; அந்தப் படமே தரையோடு பொருந்தாமல் சில மீட்டர் நகர்ந்திருக்கக்கூடும்.

தனிக் கருவியின் மேன்மை துல்லியத்தில் அல்ல, நீடித்து உழைக்கும் தன்மையில் இருக்கிறது என்பது என் கருத்து. கடும் வெயிலிலும் படிக்கக்கூடிய திரை, கையுறையோடும் அழுத்தக்கூடிய பொத்தான்கள், பல கருவிகளில் வழியிலேயே மாற்றிக்கொள்ளத்தக்க டபுள் ஏ மின்கலங்கள், ஐ.பி.எக்ஸ்.7 என்னும் நீர்த்தடுப்புத் தரம் பெற்றிருந்தால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் உறுதி ஆகியவை நாள் முழுவதும் மலையில் அலைபவருக்குப் பெரிய உதவி. மாதத்துக்கு ஓரிரு முறை, சில மணி நேரம் மட்டும் தேடுபவருக்குக் கைபேசியும் ஒரு கூடுதல் மின்கல வங்கியும் போதும். துல்லியம்தான் உங்கள் கவலை என்றால், தனிக் கருவியாயினும் கைபேசியாயினும், ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1, எல்5 ஆகிய இரு அலைவரிசைகளையும் பெறுவதா என்று பார்த்து வாங்குங்கள். இத்தகைய கைபேசிகள் 2018 முதல் சந்தையில் உள்ளன. பட்டுத் திரும்பும் சமிக்ஞையை நேராக வருவதிலிருந்து பிரித்தறிய எல்5 பெரிதும் உதவுகிறது. கருவியே வாங்குவதென்றால், ஜி.பி.எக்ஸ். கோப்பிலுள்ள விளக்கத்தையும் குறிப்பையும் முழுமையாகத் திரையில் காட்டுகிறதா, வெறும் புள்ளியாக மட்டும் இடுகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கொடுங்கள்.