அந்த ஐந்து பவுண்டு எங்கிருந்து குறைகிறது?

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் செவிலியராகப் பணிபுரியும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நாகர்கோவிலிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. சாம்சங் கைபேசி ஒன்றை 24 மாத ஒப்பந்தத்தில் வாங்க நினைக்கிறார். நெட்வொர்க் நிறுவனத்தின் சொந்தக் கடையில் முன்பணம் 30 பவுண்டு, மாதம் 38 பவுண்டு. பல நெட்வொர்க்குகளின் இணைப்பையும் விற்கும் வேறொரு கடையில் அதே கைபேசி, அதே நெட்வொர்க், அதே டேட்டா. முன்பணம் 99, மாதம் 33. போதாக்குறைக்கு 72 பவுண்டு கேஷ்பேக்கும் தருவதாகச் சொல்கிறார்கள். "ஒரே பொருளுக்கு இரண்டு விலை எப்படி? மலிவாக வாங்கிவிட்டுப் பிறகு அலைய வேண்டி வருமா?" என்று கேட்கிறார்.

அலைச்சல் வரலாம். ஆனால் எந்தக் காரியத்துக்கு யாரிடம் போக வேண்டும் என்பது முதலிலேயே தெரிந்திருந்தால் பெரும்பாலும் வராது. பதினோரு ஆண்டுகள் லண்டனில் கைபேசிக் கடை கவுண்ட்டரின் உள்பக்கம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். என்னிடம் புகாரோடு வந்தவர்களில் ஏமாற்றப்பட்டவர்கள் சிலர்தான். மற்ற எல்லோரும் தவறான வாசலைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள்.

நம்மூரில் கைபேசி ஒரு கடையில் வாங்குகிறோம், சிம் வேறு கடையில் வாங்குகிறோம், 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்கிறோம். இரண்டும் வேறு வேறு என்பது கண்ணுக்கே தெரியும். இங்கே இரண்டையும் ஒரே மாதத் தவணைக்குள் பொதிந்து கொடுப்பதால் அந்த எல்லை மறைந்துவிடுகிறது. பல நெட்வொர்க்குகளின் இணைப்பை விற்கும் மூன்றாம் தரப்புக் கடையில் வாங்கும்போது நீங்கள் செய்வது இரண்டு ஒப்பந்தங்கள். கைபேசியை உங்களுக்கு விற்பது கடை. 24 மாதம் சேவை தருவதும் பில் அனுப்புவதும் நெட்வொர்க். கடன் தகுதியைச் சோதிப்பதும் நெட்வொர்க்கின் பெயரில்தான் நடக்கும்.

விலை வித்தியாசத்துக்கும் இதுவே காரணம். ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் நெட்வொர்க் அந்தக் கடைக்குக் கமிஷன் தருகிறது. அதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத்தான் கடை விலையைக் குறைக்கிறது, அல்லது கேஷ்பேக்காகத் திருப்பித் தருகிறது. நீங்கள் இடையில் பில் கட்டுவதை நிறுத்தினால் கொடுத்த கமிஷனை நெட்வொர்க் கடையிடமிருந்து திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கேஷ்பேக் பல சமயம் ஒரே தடவையாக வராது. மாதங்களை எண்ணித் தவணை தவணையாகத்தான் வரும்.

கடை மூடப்பட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. நடந்த கதையே இருக்கிறது. 2014 செப்டம்பரில் ஃபோன்ஸ் ஃபோர் யூ என்ற பெரிய சங்கிலி நிறுவனம் சரிந்தது. நெட்வொர்க்குகள் ஒவ்வொன்றாக விலக, கடைசியாக வோடஃபோனும் ஈஈயும் கைவிட்டதும் விற்கச் சரக்கு இல்லாமல் போயிற்று. ஏறத்தாழ 550 கடைகள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். ஆனால் ஏற்கெனவே அங்கே ஒப்பந்தம் போட்டவர்களின் இணைப்பு ஒருநாளும் அறுபடவில்லை. அது நெட்வொர்க்கோடு செய்த ஒப்பந்தம் அல்லவா? 2020இல் கார்ஃபோன் வேர்ஹவுஸ் தன் 531 தனிக் கடைகளையும் மூடியபோதும் அப்படித்தான். ஆகவே சேவையைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது கேஷ்பேக் பற்றி. அது கடை கொடுத்த வாக்கு. கடை போனால் அந்த வாக்கை நெட்வொர்க் ஏற்காது. மாதாமாதம் முழுத் தொகையை மட்டும் வசூலிக்கும்.

அந்த 72 பவுண்டைப் பற்றிக் கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தானாக வருமா, நான் கேட்டு வாங்க வேண்டுமா? தானாக வரும் என்றால் எந்தெந்தத் தேதியில் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டு வாங்க வேண்டும் என்றால், குறிப்பிட்ட சில மாதங்களின் பில்லை, குறிப்பிட்ட நாட்களுக்குள், அவர்கள் சொல்லும் முறையில் அனுப்ப வேண்டியிருக்கும். ஒரு தடவை தவறினால் அந்தத் தவணை போனது போனதுதான். என் நெருங்கிய நண்பர், கணக்கில் கறாரானவர், ஐந்து தவணையில் மூன்றை இப்படி இழந்தார். ஒருமுறை ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத வாரம். இன்னொருமுறை பில் வந்த மின்னஞ்சலே கண்ணில் படவில்லை. இரவுப் பணி பார்க்கும் செவிலியரிடம் இந்தக் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கேட்டு வாங்கும் கேஷ்பேக்கைக் கணக்கில் சேர்க்காமல் விலையைப் பாருங்கள். வந்தால் வரவு.

அப்படிப் பார்ப்போம். நெட்வொர்க் கடையில் 24 மாதத்துக்கு 942 பவுண்டு. மற்ற கடையில் 891. வித்தியாசம் 51 பவுண்டு. கேஷ்பேக் முழுதும் கைக்கு வந்தால் 123.

இரண்டு கணக்கிலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் நெட்வொர்க்குகள் மாதக் கட்டணத்தை உயர்த்துகின்றன. பணவீக்கத்தோடு இவ்வளவு சதவீதம் என்று புரியாத கணக்கில் உயர்த்தி வந்ததைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தடுத்துவிட்டது. 2025 ஜனவரி 17 முதல் போடும் ஒப்பந்தங்களில், ஒப்பந்தக் காலத்தில் கட்டணம் உயரும் என்றால் எப்போது, எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஏப்ரல்தோறும் 2 பவுண்டு என்று எழுதியிருப்பதாகவும், நீங்கள் அக்டோபரில் வாங்குவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் பழைய கட்டணம், அடுத்த பன்னிரண்டு மாதம் 2 பவுண்டு கூடுதல், கடைசி ஆறு மாதம் 4 பவுண்டு கூடுதல். ஆக 48 பவுண்டு. எந்தக் கடையில் வாங்கினாலும் இது உண்டு, ஏனென்றால் உயர்த்துவது நெட்வொர்க். "எங்களிடம் வாங்கினால் விலை ஏறாது" என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் அந்த வரியை ஒப்பந்தத்தில் காட்டச் சொல்லுங்கள்.

இனி கைபேசி பழுதானால். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி விற்றவர்தான் பொறுப்பு. பழுதான பொருள் என்றால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன் பிறகு பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ விற்றவருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். முதல் ஆறு மாதத்தில் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை. மூன்றாம் தரப்புக் கடையில் வாங்கிய கைபேசியோடு நெட்வொர்க் கடைக்குப் போனால் "வாங்கிய இடத்துக்குப் போங்கள்" என்பார்கள். கோபம் வரும், ஆனால் அவர்கள் சொல்வது சரி. மாறாக பில்லில் தவறு, சிக்னல் இல்லை, ரோமிங் கட்டணம் எல்லாம் நெட்வொர்க்கோடு பேச வேண்டியவை. நெட்வொர்க்கிலேயே நேரடியாக வாங்கினால் இந்தப் பிரிவினை இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே எண். உங்களுக்கு ஐம்பது பவுண்டு கூடுதலாகக் கேட்கிறார்கள் என்றால், அது இந்த வசதிக்கான விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு கடையிடம் மின்னஞ்சலில் மல்லுக்கட்ட நேரமில்லாதவர்களுக்கு அது அதிகம் இல்லை.

வாங்கிய இடத்தைவிட வாங்கிய வழி முக்கியம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கினால் காரணமே சொல்லாமல் ரத்து செய்ய 14 நாள் சட்டப்படி உண்டு. கடைக்குள் நடந்துபோய்க் கையெழுத்திட்டால் அந்த உரிமை இல்லை. கடை தானாக விரும்பித் தரும் சலுகையை மட்டுமே நம்ப வேண்டும். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கிறதா, மருத்துவமனையின் அடித்தளத்தில் கிடைக்கிறதா என்பது சில நாள் பயன்படுத்தினால்தான் தெரியும். ஆகவே கடையில் போய்க் கைபேசியைத் தொட்டுப் பாருங்கள், வீட்டுக்கு வந்து அதே நிறுவனத்தின் இணையதளத்தில் வாங்குங்கள். ரத்து செய்வதாக இருந்தால் விற்ற கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நெட்வொர்க்குக்கு மட்டும் ஃபோன் செய்து சொல்லிவிட்டு, 14 நாள் கழிந்த பிறகு கடை மறுக்க, இரண்டு ஆண்டு பில் கட்டிய ஒரு மாணவரை எனக்குத் தெரியும். இன்றைக்கும் நினைத்தால் மனம் வலிக்கிறது.

கடையில் காப்பீடு சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். உடனே தலையாட்ட வேண்டாம். கைபேசிக் காப்பீட்டைத் தேவையில்லாதவர்களுக்கும் தள்ளிவிட்டதற்காக 2019இல் கார்ஃபோன் வேர்ஹவுஸுக்கு நிதி நடத்தை ஆணையம் 2 கோடியே 91 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. உங்கள் வங்கிக் கணக்கோடோ வீட்டுக் காப்பீட்டோடோ ஏற்கெனவே கைபேசிக் காப்பீடு இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதத்திலேயே அந்தக் கைபேசி தனியாக 599 பவுண்டுக்குக் கிடைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நேரடியாக வாங்கி, மாதம் 8 பவுண்டு சிம் மட்டும் திட்டம் ஒன்றைச் சேர்த்தால் 24 மாதத்துக்கு 791 பவுண்டு. கேஷ்பேக் முழுதும் வந்தாலும்கூட அந்தக் கடையின் விலை இதைவிட அதிகம். 30 நாள் திட்டமாக எடுத்தால் கட்டணம் ஏறும்போது விலகிவிடலாம், ஊர் திரும்ப நேர்ந்தாலும் மீதி மாதங்களுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. 2021 டிசம்பர் முதல் நெட்வொர்க்குகள் பூட்டிய கைபேசியை விற்கக் கூடாது என்பதால் புதுக் கைபேசியில் எந்த சிம்மும் வேலை செய்யும். கிரெடிட் கார்டில் வாங்கினால் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கூடுதல் பாதுகாப்பு. 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையுள்ள பொருளில் குறை வந்தால் கார்டு நிறுவனமும் பொறுப்பேற்கும். இலங்கையில் பிறந்த தமிழர்கள் தொடங்கிய லெபாரா, லைகா என்ற கைபேசிச் சேவை நிறுவனங்கள் இத்தகைய மாதத் திட்டங்களில் இந்தியாவுக்குப் பேசும் நிமிடங்களையும் சேர்த்துத் தருகின்றன; பெரிய நெட்வொர்க்கின் "வரம்பற்ற அழைப்பு" பொதுவாகப் பிரிட்டனுக்குள் மட்டும்தான்.

599 பவுண்டு ஒரே மூச்சில் இல்லை என்றால் ஒப்பந்தம்தான் வழி. எட்டு மாதம் ஆன உங்களுக்குக் கடன் வரலாறு மெலிந்திருக்கும். ஒரு கடையில் மறுத்தால் அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு சோதனையும் பதிவில் நிற்கும். நெட்வொர்க் ஒன்றுதான் என்றால் கடையை மாற்றுவதால் முடிவு மாறுவதும் அரிது. முதலில் வாக்காளர் பட்டியலில் பதிந்துகொள்ளுங்கள். இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால் முறையான விசாவில் இங்கு வசிக்கும் உங்களுக்கு அந்த உரிமை உண்டு. முகவரியை உறுதிப்படுத்தக் கடன் நிறுவனங்கள் அந்தப் பட்டியலைப் பார்க்கின்றன.

என் தேர்வு இதுதான்: பணம் இருந்தால் தனிக் கைபேசியும் 30 நாள் சிம்மும். இல்லையென்றால், கேஷ்பேக் தானாக வரும் என்று எழுத்தில் கிடைத்தால் அந்த மூன்றாம் தரப்புக் கடை, இணையத்தின் வழியாக. கேட்டு வாங்கும் கேஷ்பேக் என்றால் ஐம்பது பவுண்டு போகட்டும், நெட்வொர்க்கிலேயே வாங்குங்கள்.

எதைத் தேர்ந்தாலும் பழைய எண்ணை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். பழைய சிம்மிலிருந்து 65075 என்ற எண்ணுக்கு, பி, ஏ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை மட்டும் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். ஒரு குறியீடு வரும், 30 நாள் செல்லும். அதைப் புதிய நெட்வொர்க்கிடம் கொடுத்தால் அடுத்த வேலைநாளில் எண் மாறிவிடும், பழைய கணக்கும் தானே முடிந்துவிடும். பணி அட்டவணையும் வங்கியின் ரகசிய எண்ணும் அந்த எண்ணுக்குத்தான் வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். விடுப்பு நாளாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.