பாதியைக் கூட்டினால் எப்படிக் குறையும்?

கேள்வி: ஆறாம் வகுப்பில் 1/2 + 1/3 = 2/5 என்றே எழுதுகிறார்கள். எட்டாம் வகுப்போ மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கி வழிகிறது. என்ன செய்யலாம்?
– நடுநிலைப் பள்ளி ஆசிரியை, கடலூர் முதுநகர்

பதில்: முதலாவது கவனக்குறைவு அல்ல, டீச்சர். தொகுதியையும் (மேல் எண்) பகுதியையும் (கீழ் எண்) தனித்தனி முழு எண்களாகப் பார்ப்பதால் வருகிற பிழை. விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போகாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் 12 செ.மீ. நீளத்தில் மூன்று காகிதப் பட்டைகள் கொடுங்கள். ஒன்றில் பாதி (6 செ.மீ.), இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு (4 செ.மீ.) வெட்டி, முழுப் பட்டையின் மேல் அடுத்தடுத்து ஒட்டட்டும். மூன்றாக மடித்தால் கோணிவிடும். ஸ்கேலால் அளப்பதே சரி. 10 செ.மீ. வரும்: 10/12, அதாவது 5/6. பிறகு 2/5-ஐ அளக்கச் சொல்லுங்கள். 4.8 செ.மீ.தான், பாதியைவிடக் குறைவு! கூட்டினது எப்படிக் குறைந்தது என்று அவர்களே கேட்பார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதே தனிச் சந்தோஷம். மீ.சி.ம.வை (மீச்சிறு பொது மடங்கு) அதற்குப் பிறகு சொல்லுங்கள், முன்னால் வேண்டாம்.

எட்டாம் வகுப்புக்கு மதியத்தில் புதுப் பாடம் தொடங்காதீர்கள். கரும்பலகையை நான்காகப் பிரித்து நாலு பேரைக் கணக்குப் போட வையுங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் பிழை பிடிக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். கடற்காற்று வரும் கிழக்கு ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.