இருண்ட மேகத்துக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: விண்மீன்களுக்கு இடையிலுள்ள மூலக்கூறு மேகங்கள் குளிர்ந்தவை, ஒளி தராதவை என்கிறார்கள். அவற்றுக்குள் இருக்கும் மூலக்கூறுகளை ரேடியோ தொலைநோக்கி எப்படி அடையாளம் காண்கிறது?

பதில்: மேகத்துக்குப் பின்னால் வலுவான ரேடியோ மூலம், அதாவது ரேடியோ அலைகளை உமிழும் வான்பொருள், ஒன்று இருந்தால் போதும். அதிலிருந்து தொடர்ச்சியாக வரும் கதிர்வீச்சில் மேகத்தின் மூலக்கூறுகள் தமக்குரிய அலைவெண்களை மட்டும் உட்கவர்ந்துகொள்வதால், நமக்கு வந்து சேரும் நிறமாலையில் அந்த இடங்களில் பள்ளம் விழுகிறது. 1963இல் அமெரிக்காவின் மில்ஸ்டோன் ஹில்லில் இருந்த 84 அடி ஆன்டெனாவை, காசியோபியா ஏ என்னும் சூப்பர்நோவா எச்சத்தை (வெடித்த விண்மீனின் மிச்சத்தை) நோக்கித் திருப்பிய வைன்ரெப், பாரெட், மீக்ஸ், ஹென்றி ஆகியோர் 1665, 1667 மெகாஹெர்ட்ஸில் இத்தகைய பள்ளங்களைக் கண்டார்கள். ரேடியோ அலைகளின் வழியே விண்மீனிடை வெளியில் கண்டறியப்பட்ட முதல் மூலக்கூறான ஹைட்ராக்சில் (OH) அப்படித்தான் அகப்பட்டது. ஆன்டெனாவின் அளவைவிட, மிக மெல்லிய பள்ளத்தையும் இரைச்சலிலிருந்து பிரித்துக் காட்டிய வைன்ரெப்பின் எண்முறை நிறமாலைக் கருவிக்கே இதில் பெரும்பங்கு உண்டு என்பேன்.

மேகம் வினாடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், டாப்ளர் விளைவால் (நகர்வினால் அலைவெண் மாறித் தெரிவதால்) 1667 மெகாஹெர்ட்ஸ் பள்ளம் ஏறத்தாழ 5.6 கிலோஹெர்ட்ஸ் இடம்பெயரும்; ஆகவே ஒரே பார்வைக் கோட்டில் வெவ்வேறு வேகத்தில் செல்லும் மேகங்களைப் பிரித்தறியலாம். பள்ளத்தின் ஆழம் பின்னணிக் கதிர்வீச்சின் விகிதமாக அளக்கப்படுவதால், மேகம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது கணக்கைக் குலைப்பதில்லை. ஆனால் ஆழத்தை மட்டும் கொண்டு மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. எண்ணிக்கைக்கும் கிளர்வு வெப்பநிலைக்கும் (மூலக்கூறுகள் ஆற்றல் நிலைகளில் பங்கிடப்பட்டிருக்கும் விதத்தைக் குறிக்கும் வெப்பநிலை) உள்ள விகிதமே கிடைக்கும். மூலத்துக்குச் சற்று அருகே தொலைநோக்கியைத் திருப்பி, அதே மேகத்தின் உமிழ்வையும் அளந்தால்தான் இரண்டையும் பிரிக்கலாம்.

கேள்வி: பின்னால் ரேடியோ மூலம் இல்லாத மேகங்களை இம்முறையில் ஆராய முடியாதா?

பதில்: பெரும்பாலும் முடியாது, இம்முறையின் உண்மையான குறை அதுதான். பார்மால்டிஹைடு என்னும் மூலக்கூறு இதற்கு ஒரு விலக்கு. 1969இல் அமெரிக்காவின் கிரீன் பேங்க்கில் இருந்த 140 அடி தொலைநோக்கியில், 4830 மெகாஹெர்ட்ஸில், வலுவான மூலங்களுக்கு முன்னே அது முதலில் கண்டறியப்பட்டது. பின்னால் எந்த மூலமும் இல்லாத இருண்ட மேகங்களிலும் அதே பள்ளம் தெரிந்தபோதுதான் வியப்பு எழுந்தது. அங்கே உட்கவரப்பட்டது, அண்டம் முழுவதும் பரவியிருக்கும் 2.7 கெல்வின் பின்னணிக் கதிர்வீச்சு. சுமார் 10 கெல்வின் வெப்பநிலையிலுள்ள மேகம், தன்னைவிடக் குளிர்ந்த கதிர்வீச்சை எப்படி உட்கவர முடியும்? ஹைட்ரஜன் மூலக்கூறுகளுடனான மோதல்கள், அந்தப் பள்ளத்துக்குரிய இரு ஆற்றல் நிலைகளில் கீழ்நிலையில் அளவுக்கு மீறிய மூலக்கூறுகளைச் சேர்த்துவிடுகின்றன என்று இயற்பியலாளர்கள் டவுன்ஸும் சுங்கும் அதே ஆண்டில் விளக்கினார்கள். மேகமே குளிர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவ்விரு நிலைகளுக்கு இடையிலான பங்கீடு மட்டுமே 2.7 கெல்வினுக்கும் குறைந்த வெப்பநிலைக்குரியதாக அமைந்துவிடுகிறது.