கேம் புதுசு, ஸ்பிரிங் பழசு: ஹைட்ராலிக் ரோலர் கேம் கேள்வி-பதில்

அமெரிக்க வி8 இன்ஜின்களில் ரோலர் கேம் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். பாதிக்கு மேல் ஒரே சிக்கல்தான். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள், வால்வை மூடும் ஸ்பிரிங்கையும், கேமின் மேல் உட்கார்ந்து அதன் அசைவைக் கடத்தும் லிஃப்டரையும் மட்டும் "இருப்பதே போதும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: 1974 செவர்லே 350 ஸ்மால் பிளாக் வைத்திருக்கிறேன். ஃபிளாட் டாப்பெட் கேமை எடுத்துவிட்டு ஹைட்ராலிக் ரோலர் போடப் போகிறேன். வால்வ் ஸ்பிரிங் போன வருடம்தான் மாற்றினேன். அதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நீங்கள் மாற்றியது கம்பெனி அளவு ஸ்பிரிங் என்றால், வால்வ் மூடியிருக்கும்போது அது சுமார் 80 பவுண்டுதான் அழுத்தும். அடியில் உருளை உள்ள ரோலர் லிஃப்டர், அடி தட்டையான பழைய ஃபிளாட் டாப்பெட் லிஃப்டரைவிட எடை கூடியது. ரோலர் கேமின் லோப் (லிஃப்டரைத் தூக்கும் புடைப்பு) வால்வை வேகமாகத் தூக்கி வேகமாக இறக்கவும் செய்யும். அந்த எடை லோப்பை விட்டுத் துள்ளாமல் பிடித்து வைப்பதுதான் ஸ்பிரிங்கின் வேலை. தெருவில் ஓடும் ஹைட்ராலிக் ரோலருக்கு, மூடிய நிலையில் 110 முதல் 140 பவுண்டு, முழுதாகத் திறந்த நிலையில் 300 முதல் 350 பவுண்டு என்பது பொதுவான அளவு. ஆனால் கேமோடு வரும் கார்டில் வேறு எண் போட்டிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். ஒரே லிஃப்ட் (வால்வ் திறக்கும் உயரம்) உள்ள இரண்டு கேம்களில், வேகமாக ஏறி இறங்கும் லோப்புக்கு வலுவான ஸ்பிரிங் தேவைப்படும்.

உங்கள் பிளாக்கில் இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. ஃபிளாட் டாப்பெட் லிஃப்டர் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள வேண்டும், ரோலர் லிஃப்டர் சுற்றவே கூடாது. 1987-இல் செவர்லே தானே ரோலருக்கு மாறியபோது, லிஃப்டர் திரும்பாமல் பிடிக்கும் ஏற்பாட்டைப் பிளாக்கிலேயே வைத்தது. உங்களுடையதில் அது இல்லை, அதனால் இரண்டிரண்டாகப் பட்டையால் இணைத்த ரெட்ரோஃபிட் லிஃப்டர் வாங்குங்கள். அப்புறம், பழைய கேமின் லோப் சற்றே சரிவாக இருந்து கேமைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. ரோலர் லோப் சமமானது, கேம் முன்னே நகரப் பார்க்கும். அப்படி நகர்ந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் கூடவே திரும்பி இக்னிஷன் டைமிங் நிலையில்லாமல் ஆடும். அதைத் தடுக்கக் கேம் பட்டன் போட வேண்டும், அதைத் தாங்கும் கெட்டியான டைமிங் கவரும் வேண்டும்.

லிஃப்டரின் அசைவை மேலே கடத்தும் பழைய 7.8 அங்குலப் புஷ் ராடும் பொருந்தாது. ரோலர் லிஃப்டர் உயரம் என்பதால் ராட் குட்டையாக வேண்டும். நீளம் மாற்றக்கூடிய அளவுப் புஷ் ராடு ஒன்று வாங்கி அளந்து பார்த்த பிறகு ஆர்டர் போடுங்கள்.

கேள்வி: ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்1 இன்ஜினுக்கு 0.580 அங்குல லிஃப்ட் கேம். ஸ்பிரிங் பெட்டியில் "120 பவுண்டு" என்று போட்டிருக்கிறது. அப்படியே மாட்டலாம்தானே சார்?

அந்த 120 எந்த உயரத்தில் என்று பெட்டியிலேயே இருக்கும், அதையும் படியுங்கள். 1.800 அங்குல உயரத்தில் 120 பவுண்டு, ஓர் அங்குலம் அமுக்க 370 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 0.580 லிஃப்டில் 0.580 × 370 = 215. முழுதாகத் திறக்கும்போது மொத்தம் 335 பவுண்டு. சரி, காகிதத்தில் பிரமாதம்.

இனி ஹெட்டைப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் வால்வ் சீட் வெட்டி வந்த ஒரு ஜோடி ஹெட்டை நான் பூட்டினேன். மைக்ரோமீட்டரை, ஸ்பிரிங்கை மேலே பிடிக்கும் ரிடெய்னருக்கும் ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்கும் நடுவே வைத்து, ஆடாமல் நிற்கும் வரை மெதுவாகத் திருகினேன். பதினான்கு வால்வில் 1.800 காட்டியது. மீதி இரண்டில் 1.845. சீட்டை ஆழமாக வெட்டியதால் அந்த இரண்டு வால்வும் மேலே ஏறியிருந்தன. அந்த 0.045 வித்தியாசத்தால் கிட்டத்தட்ட 17 பவுண்டு குறைகிறது. 120 என்று நினைத்துக்கொண்டு 103-இல் ஓட்டியிருப்போம். 0.030 ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒன்று, 0.015 ஷிம் ஒன்று அடியில் போட்டதும் சரியாகிவிட்டது. பதினாறையும் அளக்க அரை மணி நேரம் ஆகும். தயவுசெய்து அளந்துவிடுங்கள்.

கம்பிச் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுகிறதா என்பதும் முக்கியம். 1.800-இல் 0.580 போனால் 1.220. முழுதாக அமுங்கிய ஸ்பிரிங்கின் உயரம் இதைவிட 0.060 அங்குலமாவது குறைவாக இருக்க வேண்டும். ஷிம் போட்டால் அந்த இடைவெளி குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள். பிரபலமான எல்எஸ்6 ஸ்பிரிங் 0.550 லிஃப்டோடு நின்றுவிடும், உங்கள் கேமுக்கு ஆகாது.

கேள்வி: செவர்லே ஸ்மால் பிளாக்கில் வார்டெக் ஹெட், 0.480 லிஃப்ட் கேம். 1.5 ராக்கரை எடுத்துவிட்டு 1.6 போட்டால் ஸ்பிரிங்குக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும். லோப்பின் உயரத்தை 1.5 அல்லது 1.6 மடங்காக்கி வால்வை அமுக்கும் நெம்புகோல்தான் ராக்கர். உங்கள் லோப் 0.320 உயரம். 1.6-ஆல் பெருக்கினால் 0.512. கை வைக்காத வார்டெக் ஹெட்டில் 0.470-ஐ ஒட்டியே ரிடெய்னர், வால்வ் கைடின் மேல் உள்ள சீலை நெருங்கிவிடும். இப்போதைய 0.480-க்கே ஹெட்டில் வேலை செய்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ராக்கர் பற்றி அதற்கு அப்புறம் யோசிக்கலாம்.

கேள்வி: 200 பவுண்டு ரேஸ் ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கிறது. வலு கூடினால் நல்லதுதானே?

இல்லை. அது உள்ளே எண்ணெய்த் தாங்கல் இல்லாத சாலிட் ரோலருக்கானது. ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் பிளஞ்சர் என்ற சின்ன பிஸ்டனைத் தாங்கி நிற்பது எண்ணெய்தான். அளவுக்கு மீறி அமுக்கினால் எண்ணெய் கசிந்து பிளஞ்சர் இறங்கும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய லிஃப்ட் குறையும். ரோலரின் ஊசி பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

கேள்வி: 5,800 ஆர்பிஎம் தாண்டியதும் இன்ஜின் தடுமாறுகிறது. "லிஃப்டர் பம்ப் அப் ஆகுது, புது லிஃப்டர் போடுங்க" என்கிறார் மெக்கானிக்.

அவர் சொல்வது நடக்கிறது, ஆனால் மருந்து வேறு. ஸ்பிரிங்கால் வால்வைக் கட்டுப்படுத்த முடியாதபோது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு கணம் இடைவெளி விழுகிறது. இடைவெளியை நிரப்புவதுதான் லிஃப்டரின் வேலை, பிளஞ்சர் மேலே ஏறிவிடும். உள்ளே புகுந்த எண்ணெயை ஒருவழிச் செக் வால்வ் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது வால்வ் முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் போய்விடும். லிஃப்டர் தன் வேலையைத்தான் செய்தது. முதலில் ஸ்பிரிங்குகளைக் கழற்றி டெஸ்டரில் வைத்துப் பாருங்கள், அநேகமாகச் சோர்ந்து போயிருக்கும்.

கேள்வி: பிரீலோட் (பிளஞ்சரை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) எவ்வளவு வைப்பது? அரைச் சுற்று என்கிறார்கள், கால் சுற்று என்கிறார்கள்.

ராக்கரை ஸ்டட் மேல் நட்டு பிடிக்கும் ஸ்மால் பிளாக்கில் அரைச் சுற்று வையுங்கள். தவறு நடப்பது அதற்கு முன்னால், பூஜ்ஜிய இடைவெளியைக் கண்டுபிடிக்கும்போது. நிறைய பேர் புஷ் ராடை விரலால் உருட்டி, உருள மறுக்கும் வரை நட்டை முறுக்குகிறார்கள். எண்ணெய் ஏறாத புது லிஃப்டரில் பிளஞ்சர் ஸ்பிரிங் மிக மென்மையானது. ராட் இறுகுவதற்குள் பிளஞ்சர் நன்றாக இறங்கியிருக்கும், அதன் மேல் இன்னும் அரைச் சுற்று ஏறும். ராடை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். அந்தச் சின்ன 'டிக்' நின்ற இடம்தான் பூஜ்ஜியம்.

எல்எஸ்ஸில் நட்டு இல்லை, ராக்கர் போல்ட்டை 22 அடி-பவுண்டுக்கு முறுக்கினால் முடிந்தது. பிரீலோடைப் புஷ் ராடின் நீளம்தான் தீர்மானிக்கும். பெரிய கேம்களில் லோப்பின் அடிவட்டம் பெரும்பாலும் சிறியது, லிஃப்டர் கீழே உட்காரும். கம்பெனியின் 7.400 அங்குல ராட் அப்போது போதாமல் போகலாம்.

கேள்வி: 5.3 லிட்டர் சில்வராடோ, சிலிண்டரை அணைக்கும் ஏஎஃப்எம் உண்டு. கேம் மட்டும் மாற்றலாமா?

முடியாது. 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்களிலும் லிஃப்டரே வேறு வகை, உள்ளே மடங்கும். ஏஎஃப்எம் இல்லாத கேம் போட்டால், பதினாறு லிஃப்டரும் எல்எஸ்7 மாதிரியான சாதாரண வகையாக இருக்க வேண்டும். மேலே இரு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே உள்ள வேலி (valley) கவரையும் மாற்றி, கம்ப்யூட்டரில் ஏஎஃப்எம்மை அணைக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றாமல் லிஃப்டரை எடுக்க முடியாது. கழற்றும்போது பிளாஸ்டிக் லிஃப்டர் டிரேக்களையும் புதிதாகப் போடுங்கள். டிரே தேய்ந்தால் லிஃப்டர் பக்கவாட்டில் திரும்பி, புதுக் கேமை அரைத்துவிடும்.

கேள்வி: பழைய ரோலர் லிஃப்டரைப் புதுக் கேமில் போடலாமா?

ஃபிளாட் டாப்பெட்டில் கூடவே கூடாது. ரோலரில் நிலைமை நன்றாக இருந்தால் போடலாம். நன்றாகக் கழுவிவிட்டு, காதருகே வைத்து ரோலரைக் கட்டைவிரலால் மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல ஒரு சின்ன நறநறப்பு கேட்டாலும், ரோலர் பக்கவாட்டில் சாய்ந்து ஆடினாலும், அந்த ஒன்றை மட்டும் ஒதுக்காதீர்கள். பதினாறையும் மாற்றிவிடுங்கள்.